குண்டாற்று மணலில் பொன் தேடினால்

பொழுதுபோக்காகப் பொன் தேடுவது என்றால், ஆற்று மணலையும் ஓடைச் சரளையையும் தட்டில் அள்ளி நீரில் அலசி, கடைசியில் அடியில் தங்கும் கனத்த துகள்களுக்குள் தங்கப் பொடி கிடக்கிறதா என்று பார்ப்பது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் இது பலருக்கு விடுமுறை நாள் வழக்கம். புதிதாக இறங்குபவருக்கு என்ன கிடைக்கும் என்பதைக் கையின் திறமையைவிட, காலடியில் உள்ள பாறையும் அந்த நாட்டின் சட்டமும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல், செவல் காடுகளில் இரண்டுமே தேடுபவருக்கு எதிராக நிற்கின்றன. குண்டாற்றிலோ அதில் வந்து விழும் ஓடைகளிலோ அரித்தெடுக்கத்தக்க தங்கம் இருப்பதாகப் பதிவு எதுவும் இல்லை. அது ஏன் இல்லை, அதே தட்டில் வேறு என்ன வரும், தமிழகத்தில் தங்கம் உண்மையிலேயே கிடைத்த இடங்களில் தேடியவர்கள் என்ன கண்டார்கள் என்பவை சொல்லத் தக்க செய்திகள்.

தங்கம் எங்கும் இருக்கிறது என்று சொன்னால் அது பொய்யாகாது. புவியோட்டின் சாதாரணப் பாறையில் ஒரு டன்னுக்கு 1 முதல் 4 மில்லிகிராம் வரை தங்கம் உண்டு. ஆற்று மணல் விற்கும் கணக்கில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எடை ஏறத்தாழ நாலரை டன். பாறையின் சராசரி அளவே மணலுக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட் மணலில் பத்து மில்லிகிராம் அளவுக்குத் தங்கம் இருக்கும். பழைய தட்டார் நிறுவையில் ஒரு குன்றிமணி எடை சுமார் 120 மில்லிகிராம். ஆக, ஒரு குன்றிமணித் தங்கம் சேர பத்து யூனிட்டுக்கும் மேல் மணல் வேண்டும். அதிலும் பெரும்பகுதி மற்றத் தாதுக்களின் மணிகளுக்குள் அணு அணுவாகச் சிதறிக் கிடப்பது. எத்தனை முறை அலசினாலும் தட்டின் அடியில் தனியாக வந்து நிற்காது.

தங்கம் சேர்ந்து கிடக்கும் நல்ல ஆற்றிலும் கணக்கு அவ்வளவு மாறிவிடுவதில்லை. எந்திரம் வைத்து அள்ளுபவர்கள் ஒரு கனமீட்டர் சரளையில் ஒரு கிராமின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே அதை வேலைக்கு ஏற்ற படிவாக மதிக்கிறார்கள். கைத்தட்டு ஒன்றில் ஒரு தடவைக்கு ஏழெட்டுக் கிலோ கொள்ளும். பழகியவர் காலையிலிருந்து பொழுது சாயும் வரை குனிந்து நின்றாலும் ஒரு கனமீட்டரைத் தாண்டுவது அரிது. நல்ல இடம், நல்ல கை, ஒரு முழு நாள் எல்லாம் கூடி வந்தால் ஒரு குன்றிமணி. கிடைப்பதும் கட்டியாக இராது. அரை மில்லிமீட்டர் அகலமும் அதில் ஐந்தில் ஒரு பங்கு தடிப்பும் உள்ள செதில் ஒன்றின் எடை 0.4 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. அப்படிப்பட்ட செதில்கள் ஒரு கிராமுக்கு 2,500-க்கு மேல் வேண்டும்; ஒரு பவுனுக்கு 20,000-க்கு மேல். புதியவர் முதல் சில மாதங்களில் காணக்கூடியதைச் செதில்களாக எண்ணிச் சொல்லலாம், எடையாகச் சொல்ல ஒன்றும் இராது.

பரவிக் கிடக்கும் இந்தத் தங்கத்தை ஓரிடத்தில் கூட்டி வைக்கும் வேலை இரண்டு கட்டங்களில் நடக்கிறது. முதற்கட்டம் நிலத்தடியில். மலைகள் உருவாகும் காலத்தில் பல கிலோமீட்டர் ஆழத்திலுள்ள பாறை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் மாறும்போது, அதிலிருந்து நீரும் கரியமில வாயுவும் கந்தகமும் கலந்த சூடான திரவம் வெளியேறுகிறது. தங்கம் கந்தகச் சேர்மமாக அந்தத் திரவத்தில் கரைந்து, பாறை வெடிப்புகள் வழியே மேலேறுகிறது. அழுத்தம் திடீரெனக் குறையும் இடத்திலோ இரும்பு மிகுந்த பாறையைச் சந்திக்கும் இடத்திலோ கரைசல் நிலைகுலைந்து, வெள்ளைக் குவார்ட்சு நாளங்களோடு தங்கம் படிகிறது. பெரும்பாலான நாளங்கள் 250 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் படிந்தவை. பழைய எரிமலைக் குழம்புப் பாறைகள் மடிந்து உருவான பட்டைகளே இதற்கு வாய்ப்பான இடம். 270 கோடி ஆண்டுப் பழமையுள்ள கோலார்ப் பட்டை நீளத்தில் 80 கிலோமீட்டர், அகலத்தில் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். 800 டன்னுக்கு மேல் தங்கம் அந்த ஒல்லிப் பட்டையிலிருந்து வந்தது.

அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பாறையின் வரலாறே வேறு. புவியியலார் மதுரைத் தொகுதி என்று அழைக்கும் நிலப்பகுதியைச் சேர்ந்தது இது. சார்னோக்கைட்டு, கார்னெட் மணிகள் பதிந்த நைசு, குவார்ட்சைட்டு, இளஞ்சிவப்புக் கருங்கல், பந்தல்குடியில் சிமெண்ட் ஆலைக்காக வெட்டப்படும் படிகச் சுண்ணாம்புக்கல் ஆகியவை இதன் உறுப்புகள். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தத் தொகுதியின் பாறைகள் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்து கிடந்தன. சில இடங்களில் வெப்பம் 900 டிகிரியையும் தாண்டியதற்கான தடயம் தாதுக்களில் இருக்கிறது. அத்தனை சூட்டில் நீரும் கந்தகமும் பாறையில் தங்குவதில்லை. அவை மேலே கிளம்பும்போது கரையக்கூடிய தங்கத்தையும் கூட்டிக்கொண்டு போகும். பிறகு மேலிருந்த அடுக்குகள் கோடிக்கணக்கான ஆண்டு மழையிலும் காற்றிலும் தேய்ந்து கடலுக்குப் போய்விட்டன. இன்று ஏர் கீறுவது அந்தப் பழைய மலைத்தொடரின் அடித்தளத்தின் மேல். உலகெங்கும் இவ்வகை உயர்வெப்பப் பாறைப் பகுதிகளில் தங்கச் சுரங்கங்கள் குறைவாக இருப்பதற்குப் புவியியலார் சொல்லும் முக்கிய விளக்கம் இது. விதிவிலக்குகள் உண்டு, திருச்சுழி அவற்றில் ஒன்று என்று காட்டும் சான்று இதுவரை கிடையாது.

இரண்டாம் கட்டம் ஆற்றின் வேலை. நாளம் வெளியே தெரிந்து சிதைந்ததும் தங்கத் துணுக்குகள் மண்ணோடு ஓடைக்கு வருகின்றன. தூய தங்கத்தின் அடர்த்தி நீரைப்போல் 19.3 மடங்கு, குவார்ட்சு மணலுடையது 2.65 மடங்கு. நீருக்குள் மிதப்பு விசையைக் கழித்துப் பார்த்தால் ஒரே அளவுள்ள இரு துகள்களில் தங்கம் மணலைவிடப் பதினொரு மடங்கு கனம். வேகம் தணியும் இடங்களில் அது முதலில் விழும்: வளைவின் உட்கரை, பெரிய பாறையின் பின்புறம், மரவேர்ச் சிக்கல், எல்லாவற்றுக்கும் மேலாக ஆற்றின் அடிப்பாறையில் உள்ள வெடிப்புகள். மேலாக இருக்கும் புது மணலை அள்ளி ஏமாறுவது எல்லா நாட்டுப் புதியவர்களும் செய்யும் காரியம். தங்கம் இருந்தால் அது அடிப்பாறையை ஒட்டித்தான் கிடக்கும்.

குண்டாறு ஆண்டிபட்டி, வருசநாட்டு மலைச்சரிவுகளின் நீரைக் கொண்டு திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாக மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. ஆண்டு மழையே 800 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை. வழியிலுள்ள கண்மாய்கள் நிறைந்தது போக மிஞ்சியதே ஆற்றில் ஓடும். பத்து மாதம் காய்ந்து கிடந்துவிட்டு, சில நாள் செம்மண் கலங்கலாகப் பாய்ந்து, மறுபடி மணலாகிவிடும் இத்தகைய ஆற்றில் துகள்கள் சீராகத் தரம் பிரிய நேரம் கிடைப்பதில்லை. சமவெளியில் சரிவும் குறைவு. தடித்த மணலுக்கும் களிமண்ணுக்கும் கீழேதான் அடிப்பாறை. மலையடியில் தங்கம் இருந்திருந்தாலும்கூடத் திருச்சுழி வரை வந்து சேர்வது கண்ணுக்குத் தெரியாத தூசாகத்தான் இருக்கும்.

ஆனால் வெள்ளம் வடிந்த தை, மாசியில் குண்டாற்றின் படுகையிலும் ஓடைகளிலும் வெளிர் மணலின் மேல் கருப்பு வரிகள் ஓடுவதைக் காணலாம். தங்கத்தைக் கூட்டும் அதே நீர்விசைதான் இந்தக் கருமணலையும் கூட்டியிருக்கிறது. ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி அதன்மேல் நகர்த்தினால் மீசைபோல் எழுந்து ஒட்டுவது மேக்னட்டைட்டு, அடர்த்தி 5.2. ஒட்டாமல் நிற்கும் கருந்துகள்களில் பெரும்பாலானவை இல்மனைட்டு, 4.7. ஒயின் நிறத்தில் மின்னுபவை கார்னெட். இந்த வட்டாரத்து நைசுப் பாறையிலிருந்து உதிர்ந்தவை. உருப்பெருக்கியில் நிறமற்ற சிறு பட்டகமாகத் தெரிவது சிர்க்கான். தேன் நிற உருண்டை மணியாக மோனசைட்டும் இருக்கலாம். தோரியம் கொண்ட தாது அது. தெற்கே தேரிக்காடுகளையும் மணவாளக்குறிச்சிக் கடற்கரையையும் பெயர்பெறச் செய்த தாதுக் கூட்டமும் இதே வகைதான். பொன் தேடி வந்தவர் இந்த மணிகளின் பெயர்களைத் தெரிந்துகொண்டால் ஆற்றின் மேற்பகுதியில் என்னென்ன பாறை இருக்கிறது என்பதை மலைக்குப் போகாமலே சொல்லிவிடலாம். தங்கத்தைவிட இது சுவையான வேலை என்று கருதுபவர்களும் உண்டு.

தட்டைக் கையாளும் முறையை வீட்டில் அரிசி அரித்துக் கல் நீக்கியவருக்கு விளக்க வேண்டியதில்லை: நீரில் அமிழ்த்தி, சுழற்றி, மேலே எழும்பியதை விளிம்பு வழியே வழிய விட வேண்டும், கனமானது அடியில் நிற்கும். முதலில் பெரிய கற்களைக் கையால் கழுவி எறிந்துவிட்டு, களிமண் கட்டிகளை நீருக்குள்ளேயே விரலால் பிசைந்து கரைக்க வேண்டும். கரையாத களிமண் உருண்டை தங்கத்தை ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும். கரிசல் நிலத்து ஓடைகளில் இந்தத் தொல்லை அதிகம்; சுக்கான் பிடித்த சரளையை உடைத்துத்தான் அலச வேண்டும். பிறகு தட்டைப் பக்கவாட்டில் வேகமாக ஆட்டி அடுக்குப் பிரியச் செய்து, சற்றே சாய்த்து மேல்மணலை வழியவிட்டு, மறுபடி ஆட்டி, மறுபடி வழியவிட வேண்டும். கடைசி இரண்டு கரண்டி கருமணலில்தான் பொறுமை சோதிக்கப்படும். மேக்னட்டைட்டுக்கும் தங்கத்துக்கும் நீருக்குள் உள்ள கனவேறுபாடு நாலு மடங்கு சொச்சமே. முதலில் மணலை வழியவிட்ட அதே வேகத்தில் இங்கும் அலசினால் நுண்ணிய செதில்கள் கருமணலோடு போய்விடும்.

கை பழகிவிட்டதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மீன்வலையில் கட்டும் ஈயத்தை வெட்டி, தட்டி, கடுகளவுத் தகடுகளாக்கி, எண்ணிப் பத்துத் துண்டுகளை மணலில் கலந்து அலச வேண்டும். ஈயத்தின் அடர்த்தி 11.3, தங்கத்தைவிட எளிதில் தப்பக்கூடியது. பத்தும் ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும் வரை ஆற்றுக்குப் போவதில் பொருளில்லை. இந்தப் பயிற்சிக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு தொட்டியும் போதும். தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். நீர் இல்லாத மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் 1890-களில் மண்ணைக் காற்றில் தூற்றியே பொன்னைப் பிரித்தார்கள். நுண்பொடி பறந்து போகும் என்பதால் தண்ணீர் அருமையான இடத்தில் மட்டும் பிழைத்த முறை அது.

அலசி முடித்ததும் தட்டில் மஞ்சளாக மின்னுவது எதுவாக இருக்கும்? விருதுநகர் மாவட்டத்து ஓடையில் பெரும்பாலும் காக்காய்ப்பொன்தான். கருநிற மைக்கா வெயிலிலும் மழையிலும் சிதைந்து இரும்பு வெளிறும்போது வெண்கலப் பொன்னிறம் ஏறுகிறது. வெயிலில் ஒரு கோணத்தில் பளிச்சென்று அடித்து, தட்டைத் திருப்பியதும் அணைந்துவிடும். தங்கம் நிழலிலும் அதே மஞ்சள்தான். மைக்கா இலகுவாதலால் நீரைச் சுழற்றியதும் மேலெழுந்து மிதந்தோடும். அடுத்த ஏமாற்று பைரைட்டு, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனமான தாது. ஊசி முனையால் அழுத்தினால் சந்தேகம் தீரும்: தங்கம் குழியும், மைக்கா ஏடாகப் பிரியும், பைரைட்டு நொறுங்கும். மெருகேற்றாத வெள்ளை ஓட்டில் உரசினால் பைரைட்டு பச்சை கலந்த கருங்கோடு போடும், தங்கம் பொற்கோடு போடும். நகைக்கடை உரைகல்லில் நடப்பதும் இதுதான்; அங்கே அதோடு அமிலமும் சேர்ந்து மாற்றைச் சொல்கிறது.

தமிழகத்தில் தங்க நாளங்கள் உள்ள பகுதிகள் சில. கோலார்ப் பட்டையின் தென்முனை நீளும் கிருஷ்ணகிரிப் பக்கம், சத்தியமங்கலம் மலைப்பகுதி, நீலகிரியின் கூடலூர், பந்தலூர் வட்டாரம் ஆகியவை. கடைசியாகச் சொன்னதில் நடந்தது, பொன் தேடப் புறப்படும் எவரும் அறிய வேண்டிய கதை. தேவாலா, பந்தலூர், சேரம்பாடி ஓடைகளில் பணியர்களும் குறும்பர்களும் நெடுங்காலமாகப் பொன் அரித்து வந்தார்கள். 1831-இல் லெப்டினன்ட் நிக்கல்சன் இதைப் பற்றி ஆங்கிலேய அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1860-களில் ஆஸ்திரேலியத் தங்கவயல் அனுபவம் உள்ளவர்கள் வந்து பார்த்தார்கள். 1875-இல் இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் வில்லியம் கிங் நாளங்களைப் பார்வையிட்டு எழுதினார். 1879-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணச் சுரங்கத் துறையில் இருந்தவரான பிரஃப் ஸ்மித்தை அரசு அழைத்து வந்தது. நூற்றுக்கணக்கான மாதிரிகளைச் சோதித்து அவர் தந்த நம்பிக்கை மிகுந்த அறிக்கை 1880-இல் வெளியானதும் லண்டன் பங்குச் சந்தை பற்றிக்கொண்டது. முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் லட்சக்கணக்கான பிரிட்டிஷ் பவுண்டு முதலுடன் முளைத்தன.

அந்தச் சமயத்தில் இந்த வட்டாரத்தை உள்ளடக்கிய வயநாட்டுக் காப்பித் தோட்டங்கள் இலைநோயாலும் தண்டுத் துளைப்பானாலும் படுத்திருந்தன. நட்டத்தில் கிடந்த காப்பித் தோட்டங்கள் திடீரென்று பொன்விளையும் பூமியாக விலை பேசப்பட்டன. நிறுவனங்கள் திரட்டிய பணத்தில் பெரும்பகுதி நிலம் வாங்கவே போய்விட்டது. தோண்டவும் அரைக்கவும் மிஞ்சியது கொஞ்சம். பந்தலூரில் பங்களாக்களும் கடைவீதியும் குதிரைப் பந்தயத் திடலும் எழுந்தன. ஆவி எந்திரங்களை மாட்டுவண்டிகளில் மலையேற்றினார்கள். குவார்ட்சை அரைத்தபோதுதான் உண்மை தெரிந்தது: மாதிரிகளில் கண்ட தங்கத்தில் சிறு பகுதியே வந்தது. மேற்பரப்பில் சிதைந்த நாளத்தில் மற்றத் தாதுக்கள் கரைந்து போய்த் தங்கம் செறிந்து நிற்கும். ஆழத்தில் அந்தச் செறிவு இல்லை. போதாததற்கு, ஆழத்துத் தங்கம் பைரைட்டோடு பின்னிக் கிடந்ததால் அன்றைய பாதரச முறைக்குப் பிடிபடவில்லை. சில ஆண்டுகளுக்குள் எல்லாம் கலைந்து, தேயிலை வந்து அந்த நிலங்களை மூடியது. பழங்குடியினர் தட்டில் பார்த்த பொன் உண்மையானதுதான். அது சுரங்கத்துக்குப் போதும் என்று முடிவு செய்த கணக்குத்தான் தவறு.

இதே ஆண்டுகளில் இதே லண்டன் முதலாளிகள் கோலாரிலும் பணம் போட்டார்கள். 1802-இல் எல்லை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், உரிகம், மாரிக்குப்பம் ஊர்க்காரர்கள் மண் அலசிப் பொன் எடுப்பதைப் பதிவு செய்திருந்தார். அங்கும் முதலில் ஏமாற்றமே. ஆழத்தில் சாம்பியன் நாளம் பிடிபட்ட பிறகு நிலைமை தலைகீழானது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தார்கள். 2001 பிப்ரவரி 28-இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற கழிவுமண் மேடுகள் மூன்று கோடி டன்னுக்கும் மேல். அவற்றில் இன்னும் டன்னுக்கு 0.7 கிராம் அளவில் தங்கம் கிடக்கிறது. சாதாரணப் பாறையைவிட இருநூறு மடங்குக்கு மேல் செறிவுள்ள இந்தக் குப்பையிலிருந்து இலாபத்தோடு தங்கம் எடுப்பது எப்படி என்ற பேச்சே பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

வயநாட்டு மலைகளிலிருந்து மேற்கே இறங்கும் சாலியாற்றில், நிலம்பூர்ப் பக்கம், இன்றும் பொன் அரிப்பவர்கள் இருக்கிறார்கள். மரவை எனப்படும் குழிந்த மரத்தட்டே முக்கியக் கருவி. கிடைக்கும் பொடியைப் பாதரசத்தில் பிடித்துச் சுட்டு, சிறு மணியாக்கி விற்பது வழக்கம். ஜார்க்கண்டில் சுபர்ணரேகை ஆற்றங்கரையிலும் இப்படித்தான். இரண்டு இடங்களிலும் தலைமுறையாகக் கைவந்தவர்களுக்கே நாள்கூலி அளவுக்கு மேல் தேறுவதில்லை. விடுமுறைக்கு வந்து போகிறவர் அதற்குமேல் எதிர்பார்க்க இடமில்லை. பாதரசம் 357 டிகிரியில் கொதித்து ஆவியாகும். சமையல் அடுப்பில் வைத்துச் சுடும் பழக்கம் வீட்டிலுள்ள எல்லோரின் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கும். புதியவர் தொடவே கூடாத ஒரு பொருள் இந்தத் தொழிலில் உண்டென்றால் அது இதுதான். தேவாலாப் பக்கத்துக் கைவிட்ட சுரங்கக் குழிகளில் திருட்டுத்தனமாக இறங்கி மண்சரிவில் மடிந்தவர்களும் இருக்கிறார்கள்.

அருப்புக்கோட்டைக்கு மிக அருகில் தங்கம் அரிக்கத்தக்க மண் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஆற்றைக் காட்ட முடியாது. நகைப்பட்டறைத் தெருவைத்தான் காட்ட வேண்டும். அரத்தில் தேயும் பொடியும் மெருகில் உதிரும் துகளும் பட்டறைத் தரையிலும் பாயிலும் கைகழுவும் தண்ணீரிலும் சேர்கின்றன. பட்டறைக்காரர்கள் இந்தக் கூட்டுமண்ணைச் சேர்த்து வைத்து விற்பார்கள். தெருவில் விழுந்ததைச் சாக்கடை மண்ணோடு வாரி, எரித்து, தட்டில் அரித்து, அமிலத்தில் கழுவிப் பிழைப்பவர்கள் தமிழகத்தின் பல நகரங்களில் உண்டு. உழைப்பும் புகையும் நாற்றமும் நிறைந்த, மதிப்புக் கிடைக்காத தொழில். ஆனால் நுண்பொடியைக் கைவிடாமல் அரிக்கும் திறமையில் வெளிநாட்டுப் பொழுதுபோக்குக்காரர்கள் இவர்கள் பக்கத்தில் வர முடியாது. கடலும் சில சமயம் இப்படித் தரம் பிரித்துத் தருகிறது. 2020 நவம்பரில் நிவர் புயலுக்குப் பின் ஆந்திராவின் உப்பாடாக் கடற்கரையில் சிறு தங்கமணிகள் கிடைக்க, ஊரே திரண்டு மணலைக் கிளறியது. கடல் அரித்துக்கொண்ட பழைய வீடுகள், கோயில்கள் ஆகியவற்றின் எச்சங்களிலிருந்து அவை வந்திருக்கலாம் என்று கருதப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தட்டு வாங்குமுன் அறிந்துகொள்வது நல்லது. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி, உரிமம் இல்லாமல் கனிமத் தேடல் செய்யவே கூடாது. பொழுதுபோக்கு என்ற விலக்கு அதில் கிடையாது. சொந்தப் பட்டா நிலமானாலும் தங்கத்துக்கு இதே நிலைதான். மீறினால் ஐந்தாண்டு வரை சிறையும், எக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 2023-இல் வந்த திருத்தம் தங்கம் உள்ளிட்ட 29 கனிமங்களுக்கு ஆய்வு உரிமம் என்ற புது வகையை உருவாக்கியது. அதுவும் ஏல முறையில் நிறுவனங்களுக்கு ஏற்றது. ஆற்று மணலை அள்ளுவது தனிக் குற்றம். மணல் கொள்ளையால் கிணறு வற்றிப் போன ஊர்களில் ஆற்றுக்குள் மண்வெட்டியோடு நிற்பவரை யாரும் நல்ல எண்ணத்தோடு பார்க்கமாட்டார்கள். கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் போய்விடும். கருமணல் விஷயத்தில் கெடுபிடி இன்னும் அதிகம். தனியார் தாது மணல் எடுப்பதைத் தமிழக அரசு 2013-இலேயே நிறுத்திவிட்டது.

உலோகங்காட்டிக் கருவியோடு கிளம்புபவருக்கு வேறொரு சட்டம் காத்திருக்கிறது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ஊருக்கு ஊர் பழைய மேடுகளும் முதுமக்கள் தாழிகளும் உள்ள நாடு இது. விருதுநகர் மாவட்டத்திலேயே வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் நடந்த அகழாய்வில் தங்க அணிகலன் துண்டுகளும் கிடைத்தன. அப்படிப்பட்ட மேட்டை ஒருவர் கருவி ஒலித்த இடத்திலெல்லாம் குடைந்தால், எந்த அடுக்கில் எது கிடந்தது என்ற செய்தி அழிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பொருளுக்கு மிஞ்சுவது எடை மதிப்பு மட்டுமே.

ஆசைப்படுபவர்களைக் குறிவைக்கும் கூட்டமும் தென்மாவட்டங்களில் எப்போதும் இருந்து வருகிறது. கோயில் கலசத்தில் இரிடியம், வீட்டடியில் புதையல், மண்ணில் பொன் கண்டுபிடிக்கும் அதிசயக் கருவி என்று பெயர்தான் மாறும். முன்பணம் கேட்பது மாறாது. இயற்கைத் தங்கம் என்று பொடி காட்டி விற்பவரிடம், வாங்குமுன் ஊசி அழுத்திப் பார்க்க விடச் சொன்னாலே பல பேரம் முடிந்துவிடும்.

வெளிநாட்டில் குடியேறிய தமிழர்களுக்கு நிலைமை வேறு. விக்டோரியாவில் சுரங்க உரிமைச் சீட்டு ஒன்றைச் சிறு கட்டணத்தில் வாங்கலாம், பத்தாண்டு செல்லும். அனுமதிக்கப்பட்ட நிலங்களில் கைக்கருவிகளால் தேடலாம், தோண்டிய குழியை மூட வேண்டும், கிடைத்தது தேடியவருக்கே சொந்தம். 1869-இல் மொலியாகுலில் ஒரு மரவேரடியில், மண்ணுக்கு ஓரிரு அங்குலம் கீழே, 70 கிலோவுக்கு மேற்பட்ட கட்டி கிடைத்தது அந்த மாகாணத்தில்தான். அந்தக் கதையைக் கேட்டு இன்று வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டா உறை, ஆணி, புட்டி மூடி ஆகியவற்றை மூட்டையாகச் சேர்த்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

திருச்சுழிப் பக்கத்தில் இருந்துகொண்டே, சட்டத்தை மீறாமல் இந்த அறிவைப் பழக வழி இருக்கிறது. 1851-இல் தொடங்கப்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வகம் தன் பாறை வரைபடங்களைப் பூகோஷ் இணையவாயிலில் இலவசமாகப் பார்க்கத் தருகிறது. எந்த ஓடை எந்தப் பாறைமேல் ஓடுகிறது என்பதை அதில் பார்த்துவிட்டு, வெள்ளம் வடிந்தபின் கரையோரம் நடந்து, ஒரு காந்தமும் பத்து மடங்கு உருப்பெருக்கியும் கொண்டு கருவரிகளை இருந்த இடத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். மணலை அள்ளவோ எடுத்துச் செல்லவோ தேவை இல்லை. செல்வதற்கேற்ற மாதங்கள் தையும் மாசியும். பங்குனி பிறந்தால் வெயில் விடாது, கருவேலங்காட்டுக்குள் பாம்பும் தேளும் உண்டு, பழைய மணற்குழிகளில் தேங்கிய நீர் ஆழம் தெரியாமல் இறங்குபவரை விழுங்கியிருக்கிறது. அதே ஆய்வகம் நாடு முழுவதும் சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் ஓடை வண்டலை எடுத்து, நான்கை ஒன்றாகக் கலந்து, தங்கம் உட்படப் பல தனிமங்களுக்கு ஆய்ந்து வருகிறது. ஆய்வுக்கூடத்தின் அளவை ஒரு டன் வண்டலில் சில மில்லிகிராம் தங்கத்தையும் காட்டிவிடும். வெறுங்கண்ணும் தட்டும் காட்டத் தொடங்கும் எல்லை அதற்கு மிக மிக மேலே இருக்கிறது.